கதவு எண் 4/17

10.03.1971 - 441 பேர்.
02.08.1971 - 512 பேர்.
14.02.1972 - 441 பேர்.
09.03.1972 - 512 பேர்.

நெடுவாய்க்கால் ஊராட்சியின் மக்கள் தொகை இது. இந்த ஓராண்டில் ஊரில் ஆறு பேர் பிறந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். எந்தத் தொகையும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கூடியதும் குறைந்ததும் ஒவ்வொரு முறையும் அதே எழுபத்தொரு பேர்தான். அவர்களில் ஒருத்தி அம்சம்.

ஊராட்சித் தலைவர் கல்யாணத்தின் நிலத்தில், வாய்க்கால் கரைக் குடிசையில் அம்சம் பிறந்தாள். அந்தப் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. அவள் கணவன் 1966இல் பாம்பு கடித்து இறந்தது மட்டும் பதிவாகியிருக்கிறது. வசிப்பிடம் என்ற கட்டத்தில் 'வயல்' என்று இருக்கிறது. நாற்று முடியைப் பிரித்தால் அவளுக்கு முன்னால் வரிசை முடிப்பவர்கள் கிடையாது. வாயும் கைக்குச் சமமான வேகம்.

மக்கள் தொகை எடுக்க வந்த வாத்தியார் தலைவர் வீட்டில்தான் சாப்பிட்டார். குடிசை போட்டிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம். "வாய்க்கால் பக்கம் போய்க் காலைச் சேறாக்கிக்காதீங்க. அங்க இருக்கிறது மாட்டுக் கொட்டகை" என்றார் கல்யாணம். 441 ஆயிற்று.

ஜூலையில் சுற்றறிக்கை வந்தது. ஐந்நூறு பேருக்குக் குறைந்த ஊராட்சி பக்கத்து ஊராட்சியுடன் இணைக்கப்படும். பக்கத்து ஊர் கீழப்பட்டு. தலைவர் ஜெகபர் அலி. கல்யாணம் கதர்த் துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரைத் துண்டு வாங்கி, ஆட்சி மாறியும் நாற்காலி மாறாமல் பார்த்துக்கொண்டவர். அதை ஒரு சுற்றறிக்கைக்கு விடுவாரா? ஊராட்சி எழுத்தரான என்னைக் கூப்பிட்டார்.

"ஓய், ஐம்பத்தொம்பது தலை வேணும். எங்க போறது?"

"வாய்க்கால் கரையில எழுபத்தொண்ணு இருக்குங்க."

"அது கொட்டகைன்னு சொல்லியாச்சே."

"நம்பர் போட்டா வீடுதாங்க."

தலையாரி தங்கையன் தார்ச் சட்டியோடு போனான். பதினேழு குடிசைக்கும் கதவு இல்லை. வாசலை மறைக்கும் மூங்கில் தட்டிகள்தான். அவற்றில் எழுதினான்.

"என்ன அண்ணே, மாட்டுக்கெல்லாம் நம்பரா?" என்றாள் அம்சம்.

"பேசாம இரு. இன்னையிலேர்ந்து நீ ஜனத்தொகை."

அவளுடையது கடைசி வீடு, 4/17. வீட்டுப் பட்டியலில் 'குடியிருக்கும் காலம்' என்று ஒரு கட்டம் உண்டு. மேலிடம் சந்தேகப்படக் கூடாதென்று கல்யாணமே சொல்லி எழுத வைத்தார்: 'பரம்பரையாக.' பதினேழு முறை எழுதினேன். கீழே கையெழுத்திட்டார். 512. ஊராட்சி பிழைத்தது.

சட்டமும் வந்தது. பதினாறு வீட்டார் பயந்து பேசாமல் இருந்தார்கள். அம்சம் மட்டும் மனைப் பட்டா கேட்டு மனுப் போட்டாள். கல்யாணம் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: மனு தள்ளுபடியானால் மறுநாளே குடிசையைப் பிரித்துவிட்டு அங்கே டிராக்டர் நிறுத்துவேன். தன் நிலத்தில் எவரும் குடியில்லை என்று பிப்ரவரி 14 அன்று எழுத்துமூலம் தாக்கலும் செய்தார். மீண்டும் 441.

தங்கையன் இம்முறை சாணிச் சட்டியோடு போனான். பதினாறு தட்டிகளில் நம்பர் மறைந்தது. அம்சம் தன் தட்டியைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி. ஐயா உத்தரவு."

"உத்தரவு போட்டவரையே வந்து தூக்கி விடச் சொல்லுங்க."

தங்கையன் சாணியைத் தன் வீட்டு வாசலுக்கு எடுத்துப் போனான்.

மார்ச் 9 அன்று பாபநாசம் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. அம்சம் தட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து தாசில்தார் மேசையில் சாய்த்தாள்.

"என்னம்மா இது?"

"கதவுங்க."

"கதவை எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"வீடு வர மாட்டேங்குது சாமி. அதான் கதவை மட்டும் கூட்டியாந்தேன்."

தாசில்தார் நம்பரைப் பார்த்தார். வீட்டுப் பட்டியல் எங்கே என்று என்னைக் கேட்டார். கொண்டு போயிருந்தேன். 'பரம்பரையாக' என்பதை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கல்யாணத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து உங்களுதா?"

"அது ஊராட்சிக்காக எழுதினதுங்க. இது நிலத்துக்காக."

"அப்ப ஊராட்சியில குடியிருக்காங்க, ஊர்ல குடியில்லை. அப்படித்தானே? ஒண்ணை அடிச்சிடுங்க. பட்டியலை அடிச்சா நானூத்து நாற்பத்தொண்ணு, ஊராட்சி கீழப்பட்டோட போயிடும். எதை அடிக்கிறீங்க?"

சுவர்க் கடிகாரப்படி கல்யாணம் ஏழு நிமிடம் யோசித்தார். மனை வீட்டுக்கு மூன்று சென்ட். நாற்காலி ஒன்றே ஒன்று.

"குடியிருக்காங்க. எழுதிக்குங்க" என்றார். 512.

மறுநாள் மற்ற பதினாறு வீட்டாரும் மனுப் போட்டார்கள். கல்யாணம் ஏப்ரலில் கூட்டம் போட்டு, பதினேழு குடும்பங்களுக்கு மனை அளித்தவர் என்று தனக்கு மாலை போடச் செய்தார். மாலை விழுந்தபோது அம்சம் பின்வரிசையிலிருந்து சொன்னாள்: "கொடுத்த கை வலிக்கும். யாராவது தைலம் தேச்சு விடுங்க." கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. கல்யாணம் தனக்கென்று கும்பிட்டார்.

பட்டா வரும்வரை அந்தத் தட்டியை அவள் மாற்றவில்லை. ஓரம் கறையான் அரித்தது. எண் மட்டும் அப்படியே இருந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் தபாலும் கடைசித் தபாலும் ஒன்றுதான். தபால்காரர் உறையை நீட்டியதும் அவள் வாங்கவில்லை. "முதல்ல நம்பரைப் பாருங்க, வேற வூட்டுக்கா இருக்கப் போவுது" என்றாள். அவர் தட்டியைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், "நாலு பை பதினேழு, சரிதாம்மா" என்றார். அதன் பிறகே கை நீட்டினாள்.

உள்ளே பட்டா இருந்தது. தாசில்தார் அலுவலகக் கடிதம் வந்த நாள்: 18.09.1972, திங்கட்கிழமை.