மொட்டைத் தலையும் பூட்டிய வாலட்டும்

தைப்பூசத்துக்கு மறுநாள், கிள்ளான் கொமியூட்டர் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார் அந்த அக்கா. புது மொட்டை, மேலே காய்ந்த சந்தனம். வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொள்வார்.

அவர் கிரிப்டோ பணம் போட்டிருந்த பிளாக்செயின் தளம், முகம் ஐ.சி. அடையாள அட்டைப் படத்தோடு ஒத்துப்போனால்தான் வாலட்டைத் திறக்குமாம். அக்கா போனைப் பார்த்து இடமும் வலமும் திரும்பினார், கண் சிமிட்டினார். படத்திலோ தோள் மறையக் கூந்தல். ஆள் பொருந்தவில்லை என்றது ஆப்.

தளத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் ஒரு குரல் சாவதானமாகச் சொன்னது: "விக் வெச்சு ட்ரை பண்ணுங்க ஆன்டி."

எனக்கே சுருக்கென்றது. அக்கா தலையைத் தடவினார்.

"பொய் முடி வெச்சா நான், சொந்தத் தலையோட வந்தா நான் இல்லையா? வெக்க முடியாது லா பாஸ்!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

சில மாதங்கள் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கிக்கொண்டிருந்தவரை மறுபடி பார்த்தேன். முடி வளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தலை பளபளத்தது.

"இன்னொரு வேண்டுதலாக்கா?"

உள்ளங்கை தலைக்குப் போனது.

"மொத மொட்ட முருகனுக்கு. இது அந்த ஆப்காரனுங்களுக்கு. இந்தத் தலைய நான்னு ஒத்துக்கிற வரைக்கும் மொட்ட அடிச்சிக்கிட்டேதான் இருப்பேன்."