நொண்டாமல் நடந்தவள்

எங்கள் உதைபந்தாட்ட அணியில் நான் கோல்காப்பாளர். பந்து வரும்வரை சும்மா நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாதி வேலை. அதனால்தான் தனுஷாவைப் பற்றி நான் எழுதுகிறேன். முன்னால் ஓடுகிறவர்களுக்கு அடுத்தவரைப் பார்க்க நேரமேது?

ஜெயபுரத்துப் பெண்கள் பந்து விளையாடுவார்கள் என்று வெளியூருக்குத் தெரியவந்ததே அவளால்தான். மாவட்ட அணிக்கு அவள் தெரிவான வருடம்தான் அது நடந்தது. கிளிநொச்சியில் பயிற்சி ஆட்டம். ஒருத்தரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பினாள், முழங்கால் திரும்பவில்லை. சவ்வு கிழிந்துவிட்டது என்றார் டொக்டர். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு முதல் வீக்கம் வற்ற வேண்டும், அதுவரை ஊன்றுகோலோடுதான் நடக்க வேண்டும். மைதானத்தை இந்த வருடத்துக்கு மறந்துவிடச் சொன்னார்.

ஊர் சும்மா இருக்குமா? பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

"உனக்குக் கால் எண்டு ஒண்டு இருக்குத்தானே பிள்ளை. பெரியம்மாவைப் பார்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெரியம்மா கமலாட்சி, தனுஷாவின் தாய் மீனம்மாவுக்கு அக்கா. அதே வீட்டில்தான் இருக்கிறார். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலோடு குசினிச் சமையல், தோட்டம், கோழிகள் எல்லாவற்றையும் பார்ப்பார். காலைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அந்த மனுசிக்கு முன்னால் எப்படி அழுவது? தனுஷா அழவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தாள். ஊன்றுகோலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பெரியம்மாவின் கண் படும் இடமெல்லாம் நொண்டாமல் நடந்தாள். கிணற்றடிக்கு நேராகப் போய் நேராக வருவாள். அறைக் கதவைச் சாத்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், முகமெல்லாம் வேர்த்திருக்கும்.

"விசரோ உனக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு முழங்காலுக்காக அவாவுக்கு முன்னால நொண்டிக் காட்டச் சொல்லுறியோ? வெக்கமாக் கிடக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "பின்னேரத்தில நீங்கள் மைதானத்தில கத்துற சத்தம் இஞ்ச கேக்கும். காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பன். அதைப் போய் ஆரிட்டச் சொல்ல?"

வீக்கம் வற்றவில்லை, கூடியது. சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். இப்படியே நடந்தால் விளையாட்டையே விட்டுவிட வேண்டியதுதான் என்று டொக்டர் எச்சரித்தார். "விட்டா என்ன இப்ப" என்று அவள் என்னிடம் சொன்னபோது முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நான் அங்கே இருந்தேன். மீனம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். பெரியம்மா கதிரையில் இருந்தபடி கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார். தனுஷா தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து நேராக நடந்து வந்தாள்.

"நில்லு" என்றார் பெரியம்மா. "ஏன் நொண்டாமல் வாறாய்?"

"நோவில்லை, பெரியம்மா."

"பொய்க்காலில நடக்கிறவளுக்குப் பொய் நடை தெரியாதோ? பல்லைக் கடிச்சுக்கொண்டு வாறாய்."

மீனம்மா குறுக்கிட்டார். "அவளுக்கு என்ன குறை அக்கா? கால் இருக்குத்தானே. நீங்கள் கால் இல்லாமலே..."

"என்ர காலை வைச்சு அவளின்ர காலை அளக்காத, மீனம்மா."

குரல் உயரவில்லை. ஆனால் மீனம்மாவின் கை நெல்லிலேயே நின்றுவிட்டது.

"என்னையும் இப்பிடித்தான் அளந்தவை. கால் போன நேரம் ஆசுபத்திரியில பக்கத்துப் பாயில பிள்ளையளைப் பறிகுடுத்த தாய் ஒராள் கிடந்தவா. உனக்கு உயிர் இருக்குத்தானே எண்டு எனக்குச் சொன்னவை. அவாவுக்கு முன்னால ஒரு காலுக்கு எப்பிடி அழுறது? பிறகு அழுவம் எண்டு விட்டனான்."

"பிறகு அழுதனீங்களோ?" என்று தனுஷா கேட்டாள்.

பெரியம்மா இல்லையென்று தலையாட்டினார்.

தனுஷா தட்டை வைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு அவரருகே நிலத்தில் இருந்தாள். "கால் போக முதல் உங்களுக்கு என்னத்தில ஆசை, பெரியம்மா?"

இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை போல.

"சைக்கிள்" என்றார். "பூநகரி றோட்டில எதிர்க்காத்துக்கு எழும்பி நிண்டு உழக்குவன். ஆம்பிளையளையும் முந்திப் போவன்."

சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் ஒருவர் அப்படிச் சத்தம் வைத்து அழுது நான் பார்த்ததில்லை. மீனம்மா ஓடிவந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். கோழிகள் நெல்லுக்குள் இறங்கின, ஒருவரும் விரட்டவில்லை. தனுஷா பெரியம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். "எனக்கு விளையாட வேணும் பெரியம்மா, எனக்கு விளையாட வேணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பிறகு பெரியம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க எழும்பினாள். நான் எடுத்து வருகிறேன் என்றேன், கேட்கவில்லை. என் தோளில் கையைப் போட்டு, எல்லோரும் பார்க்க, நன்றாக நொண்டி நொண்டிப் போனாள்.