வேகத்தை இறக்க அனுமதி கேட்டவர்

நகரியில் யார் தயவும் இல்லாமல் எட்டு பவர்லூம் போட்டவன் நான். மோட்டாரில் புல்லியை மாற்றித் தறியை விரட்டத் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? சேலை டிசைன் போடும் பழைய கம்ப்யூட்டரின் பிராசஸர் வேகத்தை, ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரனை மிரட்டி ஏற்ற வைத்தேன். மறுநாளிலிருந்து அது தானாக அணைய ஆரம்பித்தது. கல்யாண ஆர்டர் டிசைன் முழுக்க அதற்குள் மாட்டிக்கொண்டது.

அதைச் சரிசெய்யத் திருப்பதியிலிருந்து வந்த மெக்கானிக் ஒல்லியான ஆள். ஒவ்வொரு முறை அணையும்போதும் இடது முன்கையில் பேனாவால் ஒரு கோடு போடுவார்.

"இன்னாய்யா, கைல கோலம் போட்டுக்கினு கீற?"

"எத்தினி வாட்டி சாவுதுன்னு கணக்குண்ணா. பழைய வேகத்துக்கே போட்டா சாவுறது நின்னுடும்."

"நான் ஏத்துனதை எவனும் எறக்கக் கூடாது. இதே வேகத்துல ஓட்டு!"

வோல்டேஜை மாற்றினார், விசிறியை மாற்றினார். ஏழாவது கோடும் விழுந்தது. எனக்கு வெறி ஏறி, இரும்புக் கம்பியால் கம்ப்யூட்டர் மீது ஓங்கி அடித்தேன். அவர் சட்டென்று இடது கையைக் குறுக்கே கொடுத்தார். தோல் பிளந்து, ரத்தம் கோடுகளை மூடியது.

துண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இப்பவாவது எறக்கட்டுமாண்ணா?"

தலையாட்டினேன். இறக்கினார். டிசைன் முழுதாக வந்தது.

என்னிடம் அடி வாங்கியவர்கள் பலர்; அடி வாங்கிய பிறகும் அனுமதி கேட்டவர் இவர் ஒருவர்தான். ஆனால் திரையில் ஓடிய இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றுகூட எனக்குப் படிக்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். சொல்லாமலே இறக்கியிருக்கலாமே, ஏன் கேட்டார்?