கொடியில் காய்ந்த கம்பளி

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஐந்து பேர். களவு செய்யாத ஒரு மனிதனை நான் கள்ளன் ஆக்கினேன். தெரிந்தே செய்தேன்!

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து மெதுவாகத்தான் வரும்... நீங்கள் அவசரப்படாதீர்கள்.

அவன் ராமையா, இலங்கை மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எங்கள் கூட்டத்தை வேலை வாங்கிய கங்காணி. 'அவர்' என்று எழுத இன்றும் எனக்கு மனம் வரவில்லை.

என் மூத்த மகள் பாக்கியம் எட்டு மாதக் கர்ப்பிணி. செங்குத்தான மலையில் ஏற முடியவில்லை, கீழ் நிரையில் கொழுந்து எடுக்கிறேன் என்று கேட்டாள். "ஒனக்குன்னு சமதரையில தேயில நட்டு வச்சிருக்கா? ஏறுடி!" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏறினாள். வழுக்கி விழுந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை அழாமலே பிறந்தது. துணியில் சுற்றி என் கையில்தான் தந்தார்கள்... அந்தக் கனம் இந்தக் கையை விட்டு இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து காத்திருந்தேன்.

வெள்ளைத் துரைமார் கப்பல் ஏறிப் போய், தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலை டவுனுக்குப் போய்க் குறுக்குப் பாதையில் திரும்பும் பெண்களை ஒருவன் மறிக்கத் தொடங்கினான். தோட்டை இழுப்பான். ஒருத்திக்குக் காது அறுந்தே போனது. தலையோடு கம்பளி போர்த்தியிருந்தான் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மழைக்கும் குளிருக்கும் எங்கள் ஆண்கள் எல்லோரும் போர்த்துவது அதே கறுப்புக் கம்பளிதானே! பொலிஸில் அடையாளம் கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றேன். நான்தான் முதலில் சொன்னேன். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

என் அண்ணன் பங்களாவில் சமையல்காரர். கடைசித் துரை போகும்போது அவருக்கு ஒரு தூரக்கண்ணாடி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை வாங்கிக்கொண்டேன். அப்போது நான் பிள்ளைமடுவத்து ஆயா. தாய்மார் மலைக்குப் போனால் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். மேட்டில் இருக்கும் கட்டடம். அதன் வாசலில் நின்றால் குறுக்குப் பாதை முழுவதும் தெரியும், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளும் தெரியும். ஞாயிறுதோறும் நான் கண்ணாடியோடு அங்கே உட்கார்வது என்று முடிவாயிற்று. பாதை வளைவுகளில் நான்கு பெண்கள். அவர்கள் கழுத்திலும் என் கழுத்திலும் விசில். டவுனுக்குப் போகிறவர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து போவது, சேர்ந்து வருவது.

"கெழவி வாசல்ல குந்திக்கிட்டு எந்தக் கப்பலத் தேடுது?" என்று ராமையா கேலி பேசினான்.

மூன்றாவது ஞாயிறு பிற்பகல். பனி விலகியது. பாறைக்குப் பின்னால் ஒரு கம்பளி அசைவதைக் கண்டேன். விசில் ஊதினேன். பெண்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நாலு பக்கமிருந்தும் ஓடினார்கள். அவன் தண்ணீர் ஓடும் கானுக்குள் குதித்து ரோட்டுப் பக்கம் பாய்ந்து தப்பினான். அந்தப் பாய்ச்சலில் தலைக் கம்பளி நழுவியது. முகத்தைக் கண்டேன்... மீசை அரும்பாத முகம். எங்கள் தோட்டத்தான் அல்ல!

கண்ணாடி அப்படியே லயத்துப் பக்கம் திரும்பியது. நான் திருப்பினேனா, தானாகத் திரும்பியதா? கங்காணி வீட்டுக் கொடியில் அவனுடைய கம்பளி தொங்கியது. சிவப்பு ஒட்டுப் போட்ட கம்பளி. அந்த ஒட்டைத் தைத்துக் கொடுத்தவளே நான்தான். அவன் மனைவி அன்னம் கெஞ்சிக் கேட்டதற்காக.

பெண்கள் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார்கள். "காமாச்சியக்கா, ஆளு யாரு? மொகத்தப் பாத்தீங்களா?"

அதே நேரம் ராமையா அந்தப் பாதையிலேயே ஏறி வந்தான். "என்னங்கடி இந்த ஓட்டம்! நாளைக்கு மலையில இப்பிடி ஓடுங்க பாப்போம்!"

நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை! எல்லோருக்கும் கேட்கும்படி இதைத்தான் சொன்னேன்: "மொகம் தெரியல. கம்பளியில செவப்பு ஒட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான். அந்த ஒட்டு யாருடைய கம்பளியில் என்று தோட்டத்துக்கே தெரியும்.

அவனையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினார்கள். கம்பளி ஈரமாக இருந்தது. "சேத்தக் கழுவிப் போட்டிருக்கான்!" என்று ஒருத்தி கத்தினாள். காலையிலேயே அலசிப் போட்டது என்று அன்னம் அழுதாள். இந்தக் குளிரில் கம்பளி காய இரண்டு நாள் ஆகும் என்று அங்கே இருந்த யாருக்குத் தெரியாது? அதற்குள் வீட்டுக்குப் போய்க் கழுவ அவனுக்கு நேரமேது என்றும் யாரும் யோசிக்கவில்லை. கூடைக் கயிற்றால் அவனை அடித்தார்கள். நான் மேட்டிலிருந்தே பார்த்தேன்... கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இனித்தது!

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் பின்னால் மலையேற ஒரு பெண்ணும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இந்தியாவுக்கே திரும்பிப் போகச் சொல்லி அரசாங்கக் கடுதாசி வந்தும் போகமாட்டேன் என்று இருந்தவன், அடுத்த மாதமே பெட்டி கட்டினான்.

ரயிலுக்குப் புறப்படும் அன்று அன்னம் மட்டும் மடுவத்துக்கு வந்தாள். திட்டவில்லை. வாசலில் நின்று பாதையைப் பார்த்தாள், லயத்தைப் பார்த்தாள்.

"இங்கேருந்து பாத்தா எங்க வீட்டுக் கொடி தெரியுதேக்கா..."

"அன்னைக்கு மூட்டமா இருந்துச்சுடி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு களவே நடக்கவில்லை. விசிலுக்குப் பயந்துதான் அந்தப் பயல் வராமல் போனான். ஆனால் தோட்டத்தில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கங்காணி போனான், களவும் போச்சு." என் பொய்க்கு அதுவே சாட்சியாயிற்று! மாரியம்மன் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

ராமையாவுக்காக நான் வருந்தவில்லை. அவன் அடி வாங்கியதை நினைத்தால் இன்றும் மனம் குளிர்கிறது. ஆனால் அன்னம்? அவள் என் மகளை என்ன செய்தாள்? எந்த ஊரில், யார் வாசலில் நிற்கிறாளோ... கள்ளன் பெண்டாட்டி என்ற பெயர் கடலைத் தாண்டியும் கூடப் போயிருக்குமோ?

எழுதி முடித்தேன். பாக்கியத்தின் மகள் செல்வி பக்கத்தில்தான் இருக்கிறாள். அழாமல் பிறந்தவனுக்குப் பின் பிறந்தவள்.

இந்தா செல்வி, வாசிச்சுக் காட்டு. மொணமொணன்னு வாசிக்காத. அன்னைக்கு நான் எவ்வளவு சத்தமாச் சொன்னேனோ, அவ்வளவு சத்தமா வாசி. லயம் முழுக்கக் கேக்கட்டும்.