நெற்றியில் குண்டு பட்டவர்

2001-ல் நடந்தது:

1. நான் துணை நடிகர்களைத் தேர்வு செய்துவந்த உளவாளிப் படவரிசையின் மூன்றாம் பாகத்தில், இரண்டாம் பாகத்தில் சுடப்பட்டுச் சாகும் மலை வழிகாட்டி ஒரு பழைய நினைவுக் காட்சியில் மீண்டும் வரவேண்டியிருந்தது.
2. அந்த வேடத்தில் நடித்த மிளகு விவசாயியைத் தேடிக் கொல்லிமலைக்குப் பஸ் ஏறினேன்.
3. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, அவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்.

கைக்குழந்தையோடு வெளியே வந்த அவர் மனைவிதான் சொன்னார்.

"சினிமாவுல செத்து, எந்திரிச்சு ஊட்டுக்கு வந்தவருங்க. இப்ப நெசமாவே போயிட்டாரு."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார். "ஒரு போட்டோகூட இல்லீங்க. புள்ளைக்கு அப்பன் மூஞ்சி தெரியோணுமில்ல. உங்ககிட்ட இருக்குதுங்களா?"

பையில் ஒன்று இருந்தது. ஒப்பனை காட்சிக்குக் காட்சி மாறிவிடாமலிருக்க நாங்கள் எடுத்துவைக்கும் புகைப்படம். வேடம் போட்ட பிறகுதான் அதை எடுப்போம். நெற்றியில் குண்டு துளைத்த ஓட்டை; அங்கிருந்து மூக்குவரை வழியும் சிவப்புச் சாயம்.

"இது வேண்டாங்க. பார்க்கக் கஷ்டமா இருக்கும்" என்றேன்.

"குடுங்க சாமி."

வாங்கி வெகுநேரம் பார்த்தார். "முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காரு. போதுங்க."

வேறொருவரை வைத்துப் படப்பிடிப்பு நடந்தபோது, மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். குண்டு பட்ட இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். மூக்கில் வழிந்த சிவப்பு மட்டும் மறையவில்லை.

இப்போதெல்லாம் யாரைத் தேர்வு செய்தாலும், ஒப்பனைக்கு முன் ஒரு படம் எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த அப்பா முகம், நெற்றியில் குண்டு பட்ட அந்த முகம்தான்.