என் இடத்தில் ஆட வந்தவள்

அவள் எறிந்த பந்து வளையத்தில் படாது. வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கும். சர்ரென்று ஒரு சத்தம். ஊரே அதைக் கேட்டுக் கை தட்டும், எனக்கு வயிறு எரியும். பெரிய மனசுக்காரி என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம், அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் எங்கள் தீவின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எந்த நேரமானாலும் பொடிப் பொடிச் சில்லுகளைச் சோதிக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு மூச்சு விட இருந்த ஒரே இடம் எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணி. அதில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் சீனப் பெண்கள், ஐந்தாவது நான். ஆள் குள்ளம்தான். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினால் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது.

தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும் போட்டி அது. ஒவ்வொரு வருடமும் ஆட்டங்கள் தொடங்கும் முன்பு ஒரு தொழிற்சாலை இன்னொன்றின் ஆட்டக்காரிகளை இழுக்கும். வேலை கொடுத்துத்தான் இழுப்பார்கள். சாமான் இருப்பு வைக்கும் ஸ்டோரில் ஒரு நாற்காலி, நிரந்தரப் பகல் ஷிப்ட், மைக்ராஸ்கோப் கிடையாது. இரவு ஷிப்ட் பார்த்தவளிடம் கேட்டுப் பாருங்கள், அது சொர்க்கம் என்பாள். என்னையும் யாராவது அப்படி வந்து கூப்பிட மாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்தேன்.

அப்படி ஒரு நாற்காலியில்தான் எங்கள் தொழிற்சாலைக்கு அவள் வந்து உட்கார்ந்தாள். தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் ஊர்ப் பெண். தமிழ்ப் பெண்தான், கல்யாணம் ஆகாதவள், பனைமர உயரம். வந்த அன்றே என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றிவந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் ராத்திரியெல்லாம் கண் விழித்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவருகிறேன், நேற்று வந்தவள் பவுடர் கலையாமல் நிற்கிறாள்!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரை எப்படிப் பொறுப்பது?

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. வேலை முடிந்ததும் டத்தோ கிராமாட் சாலையில், பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடும் ஒரு கடைக்குப் போய்விடுவார். கூட்டாளிகள் நாலைந்து பேர் உண்டு. யாரை இழுக்கலாம், யாரைக் கழற்றிவிடலாம், முதல் ஐந்து பேர் யார் என்று மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பைகளை ஆட்டக்காரிகள் மாதிரி நிறுத்திவைத்து விவாதம் செய்வார்கள். அதில் ஒருவர்கூடப் பந்தைத் தொட்டதில்லை. ஆட்டம் முடிந்தால் நானும் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அந்தக் கடைக்குப் போய், பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ஆயர் ஈத்தாம் வீட்டுக்குத் திரும்புவேன்.

ஒரு நாள் அவருடைய கூட்டாளி ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "அண்ணிய எடுத்துட்டா பந்த யாரு மேல கொண்டு போறது? அந்த நெட்டைப் பொண்ணு கைக்குப் பந்து போய்ச் சேரணும்ல?"

என் வீட்டுக்காரர் ஒரு கோப்பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். நான்தான் அந்தக் கோப்பை.

"சும்மா இருலா. ஓடுறது மட்டும் ஆட்டமா? பந்து உள்ள விழணும். அந்தப் பொண்ணு கையப் பாத்தியா? அது கை!"

ஐந்து வருடமாக அவருக்குச் சோறு போட்ட கை எனக்கு இருந்தது. அதைப் பற்றி அவர் எங்கேயும் விவாதித்ததில்லை. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கோச்சும் அதே கணக்குத்தான் போட்டார். அந்த வருடம் முழுக்க நான் பெஞ்சில். அவள் பந்தைப் போடும்போதெல்லாம் பார்வையாளர் வரிசையில் முதலில் எழுந்து குதித்தவர் என் வீட்டுக்காரர். எனக்கு அவள் மேல் பொறாமை, அவள் உயரத்தின் மேல் பொறாமை, அவள் நாற்காலியின் மேல் பொறாமை. இவர் வாயிலிருந்து அவளுக்காக வந்த ஒவ்வொரு "அபாரம்லா"வின் மேலும் பொறாமை. சந்தேகம் ஒன்றும் இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சந்தேகமாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த வருட ஆட்டங்கள் தொடங்கப்போகும் சமயம், சாம்பியன் தொழிற்சாலை ஒன்று அவளை இழுத்துக்கொண்டது. ரொட்டிக் கடையில் ஒரே கொந்தளிப்பு. "நன்றி கெட்டது!" என்று மேசையைக் குத்தினார் ஒருவர். என் வீட்டுக்காரர் அதைவிடச் சத்தமாக, "துரோகிலா அது!" என்றார். நான் அன்றைக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அவள் எங்கள் தொழிற்சாலையை விட்டுப் போன கடைசி நாள், பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க ஏன் வரமாட்டேன்னுட்டீங்க?"

"எங்க?"

"அங்கதான். அவங்க தேடி வந்தது உங்களத்தான் அக்கா. பந்து கொண்டு போக ஆள் வேணும்னு. கல்யாணம் ஆனவங்கன்னு அண்ணன்கிட்டப் போய்க் கேட்டிருக்காங்க. அண்ணன்தான், 'என் சம்சாரம் வராது, அந்த நெட்டைப் பொண்ணக் கேளுங்க'ன்னு என்னைக் காட்டி விட்டாராம். பிறகுதான் என்கிட்ட வந்தாங்க."

அவள் வஞ்சகமில்லாமல்தான் சொன்னாள். என் காதில் பஸ் சத்தம்கூட விழவில்லை.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்புச் சட்டியைத் தரையில் நங்கென்று வைத்தேன்.

"அந்த பேக்டரிக்காரங்க என்னைக் கேட்டு வந்தாங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. "வந்தாங்க."

"உங்க அபாரமான பொண்ணத் தூக்கி எதிராளிக்குக் குடுத்தீங்க. பிறகு கடையில உக்காந்து துரோகின்னு கத்துறீங்க. வெக்கமா இல்ல?"

"துறைமுகத்துல இப்பவே என்னை எப்படிக் கூப்பிடுறானுங்க தெரியுமா? பாஸ்கெட்பால்காரி புருஷன். நீ சாம்பியன் டீமுக்குப் போனா பேப்பர்ல படம் வரும். அப்புறம் என் பேரே எவனுக்கும் ஞாபகம் இருக்காது."

அடப்பாவி மனுஷா! ஒரு வருடமாக நான் எவளோ ஒருத்தியைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறார். அவளுக்குக் கை தட்டியதெல்லாம் எனக்குத் தட்டாமல் இருக்கத்தான்.

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்டிருந்தா நீ போறேன்னு சொல்லியிருப்ப."

அந்த வருடம் என் பழைய இடம் எனக்கே திரும்பி வந்தது. இரவு ஷிப்டும் கூடவே இருந்தது. இறுதி ஆட்டத்தில் அவள் அணியிடம் தோற்றோம். ஆட்டம் முடிந்து அவள் "அக்கா" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். ஆனாலும் பொறாமை போகவில்லை. அவளுடைய உயரமும் கையும் எனக்குப் பழகிவிட்டன. அவளைக் கூப்பிட வந்தவர்கள் அவளிடமே வந்து கேட்டார்கள், அவளும் தன் வாயால் சரி என்றாள். அது ஒன்றுக்காக மட்டும் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.