கம்போடியா ஜவுளிக்கடை

போன வாரம் எதிர் ஃபிளாட்காரர் கம்போடியா டூர் போய் வந்தார். நானூறு போட்டோவை டிவியில் ஏற்றி, ஒன்று விடாமல் காட்டினார். எல்லாவற்றிலும் அவர்தான். அவர் தோளுக்குப் பின்னால், இடம் கிடைத்தபோது, அங்கோர் கோயிலும் கொஞ்சம் தெரிந்தது. கிளம்பும்போது அந்த ஊர் மிளகு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்து முகர்ந்தேன். காரமான வாசனை நேரே மூக்கில் ஏறியது. கூடவே துரைக்கண்ணுவும் ஏறிவிட்டார்.

துரைக்கண்ணு செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அறுபதுகளின் நடுவில் மைத்துனர் கோபாலோடு சிங்கப்பூருக்குக் கப்பலில் போய், அங்கிருந்து கம்போடியாவையும் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் இதே மாதிரி மிளகை ஆளுக்கு ஐந்தாறு மணி, கோயில் பிரசாதம்போல் விநியோகித்தார். நாங்களும் கையேந்தி வாங்கினோம். என் மிளகை ரசத்தில் போட மனமில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார்.

அதோடு அவருக்குச் செஞ்சி பிடிக்காமல் போயிற்று. "இதெல்லாம் ஒரு கோட்டையா? ஆடு மேய்க்கிற எடம்" என்பார், ராஜகிரியைப் பார்த்து. கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த மலையில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. தொப்பை விடவில்லை.

எங்கள் பள்ளி ஹாலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். வரவேற்புரை எழுதி வாசித்தவன் நான்தான். 'கடல் கடந்த சோழனே' என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குத் தகுதியானவர்போலத் தலையசைத்தார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அங்கோர் கோயிலைப் பற்றிச் சொன்னது "ரொம்பப் பெருசு" என்பது மட்டும். மீதி நேரமெல்லாம் கப்பலில் தமக்குக் கிடைத்த மரியாதை.

அவர் உட்காரப் போகும்போது பெண்கள் பக்கமிருந்து சரோஜா எழுந்தாள். எங்கள் வளவில் பக்கத்துப் போர்ஷனில் மகளோடு இருந்தவள். அவள் புருஷன் ஏழுமலை கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் ஒரு தமிழர் துணிக்கடையில் தையல்காரன். போய் எட்டு வருஷம். கடிதம் நின்று ஐந்து வருஷம். துரைக்கண்ணு கிளம்பியபோது ஒரு கடிதமும் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயும் அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா?"

"அது பெரிய ஊரும்மா. செஞ்சி மாதிரி ரெண்டு தெருன்னு நெனச்சியா? எங்கன்னு தேடறது?"

"வெலாசம் எழுதிக் குடுத்தேனே."

கோபால் வெள்ளந்தி. முன்வரிசையிலிருந்து திரும்பிச் சொன்னார்: "இன்னா மாமா, நாம தங்குன லாட்ஜுக்கு எதிர்த் தெருதானே அது? நீங்கதான் வெயிலா கீதுன்னு வர்லன்னுட்டீங்க."

"அப்ப ஊறுகா?"

"அது கப்பல்லியே காலிம்மா" என்றார் கோபால்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. துரைக்கண்ணுவும் சிரித்தார். சரோஜா அப்படியே நின்றாள். "லெட்டர்?" என்றாள்.

"பொட்டியில இருக்குது. ஆள்கிட்ட அனுப்பறேன்."

அனுப்பினார். உறை ஒட்டியது ஒட்டியபடி வந்தது. மேலே எண்ணெய்க் கறை.

சரோஜா அழுததாக நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தோடு பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போனாள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் மகளைப் பார்க்கப் புனோம் பென் போகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நாலு மாதம் கழித்து அந்த மனிதர் தாமே செஞ்சிக்கு வந்தார். முழங்கால் வலியோடு எங்கள் வளவின் வாசற்படி ஏறி, ஒரு உறையை அவள் கையில் கொடுத்தார். "நானே பாத்தேம்மா. நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

உள்ளே ஒரு போட்டோ. ஏழுமலை, அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைகள். ஒரு வரி: 'என்னை எதிர்பார்க்க வேண்டாம்.'

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொன்னாள்: "எட்டு வருசமா பஸ் சத்தம் கேட்டாலே எழுந்து பாப்பேன் சார். இனிமே பாக்க வேணாம்."

இரண்டு மாதத்தில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை தேடிக்கொண்டு, மகளோடு கிளம்பினாள். டிரங்குப் பெட்டியை நான் பஸ் ஸ்டாண்டுவரை தூக்கிப் போனேன். பஸ் நகரப் போகும்போது எப்படியோ சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு ஹால்ல நானும் சிரிச்சேன்."

"தெரியும் சார்" என்றாள். "மேடையிலதானே இருந்தீங்க."

துரைக்கண்ணு கடைசிவரை வெட்கப்படவில்லை. கடைக்குக் 'கம்போடியா ஜவுளிக்கடை' என்று புதுப் பலகை மாட்டி, அந்தப் பெருமையிலேயே செத்துப்போனார். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள். பள்ளி ஹாலை இடித்துவிட்டார்கள். அவற்றுக்காக நான் வருத்தப்படவில்லை.

சில வருஷங்களில் கம்போடியாவில் யுத்தம் வந்தது. புனோம் பென்னிலிருந்து ஜனங்களை மொத்தமாக விரட்டிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். தையல்காரன், அந்தப் பெண், போட்டோவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற இரண்டு குழந்தைகள். யார் தப்பினார்கள், யார் இல்லை? சரோஜாவுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். அவள் பாண்டிச்சேரியில் எந்தத் தெருவில் இருந்தாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.